பொருந்தாமல் வாங்குவது எப்படி?

முதல் கேமிங் கம்ப்யூட்டரைத் தானே அசெம்பிள் செய்யப் போகிறவருக்கு யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. எந்த ப்ராசசருக்கு எந்த போர்டு, எந்த கார்டுக்கு எத்தனை வாட் என்று ஆளாளுக்குப் பாடம் நடத்துகிறார்கள். ஒன்றோடு ஒன்று சேராத பாகங்களாகப் பார்த்துப் பார்த்து வாங்குவதற்குத்தான் முறையான வழிகாட்டி கிடையாது. இத்தனைக்கும் யாருடைய உதவியும் இல்லாமலே நம் பையன்கள் அந்தத் துறையில் நல்ல தூரம் போயிருக்கிறார்கள். கொஞ்சம் கைகொடுத்தால் கரை சேர்ந்துவிடுவார்கள் என்ற நல்லெண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

பெங்களூர் ஓரத்துப் பொம்மசந்திராவில் இருப்பவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். தர்மபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து, ஹெப்பகோடியிலோ சந்தாபுராவிலோ மூன்று பேராக ரூம் எடுத்து, தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்க்கும் ஐடிஐ, டிப்ளமோ தம்பிகளைச் சொல்கிறேன். பகலில் இவர்கள் வேலை பார்க்கிற அழகைக் கண்டால் இந்த வழிகாட்டி இவர்களுக்கு ஒட்டவே ஒட்டாது என்று தோன்றும். சிஎன்சி மெஷினிலிருந்து வருகிற ஒவ்வொரு பாகத்தையும் கோ கேஜில் விட்டுப் பார்ப்பார்கள். நோ-கோ கேஜில் நுழையவில்லை என்று உறுதிசெய்வார்கள். டிராயிங்கில் உள்ள அளவோடு மைக்ரான் கணக்கில் ஒப்பிட்டுவிட்டுத்தான் அடுத்த ஆளிடம் தள்ளுவார்கள். சந்தேகம் வந்தால் லாட்டையே நிறுத்திவிடுவார்கள். அதே தம்பி, மாதக்கணக்கில் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த எழுபதாயிரத்தைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்குப் போகும்போது ஒரு இன்ச் டேப்பைக்கூட எடுத்துக்கொண்டு போவதில்லை. அடிப்படைத் தகுதி ஏற்கெனவே இருக்கிறது. மீதியை நான் சொல்கிறேன்.

விளக்கிலிருந்து தொடங்குங்கள்

பொருத்தம் பார்க்கிறவர்கள், என்ன கேம் ஆடப் போகிறோம், எந்த மானிட்டரில் ஆடப் போகிறோம் என்று தொடங்குவார்கள். அதற்கேற்ற கிராபிக்ஸ் கார்டு, அதற்கு ஈடுகொடுக்கும் ப்ராசசர், ப்ராசசருக்குத் தகுந்த போர்டு, எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் என்று வந்து, கடைசியில் இவை எல்லாம் அடங்குகிற கேபினட்டைத் தேடுவார்கள். நீங்கள் இதை அப்படியே தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் கேபினட். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே நாலு ஃபேன், ஏழு வண்ணத்தில் விளக்கு, விளக்குக்கு ஒரு ரிமோட். முன்பக்கம் முழுக்க மூடியிருந்தால் ஃபேன் எங்கிருந்து காற்றை இழுக்கும் என்று கேட்காதீர்கள். ஓசூர் ரோட்டுப் புழுதியாவது உள்ளே போகாது என்று ஆறுதல் கொள்ளலாம். அதுவும் போகும், பின்பக்க இடுக்குகள் வழியாக.

கேபினட்டை முதலில் வாங்குவதால் பின்னால் வாங்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் உள்ளே நுழையாமல் போகிற வாய்ப்பு கிடைக்கிறது. ஏடிஎக்ஸ் போர்டு 305 மில்லிமீட்டருக்கு 244. மைக்ரோ ஏடிஎக்ஸ் 244-க்கு 244. மினி ஐடிஎக்ஸ் 170-க்கு 170. ஏடிஎக்ஸ் அளவை இன்டெல் வெளியிட்டது 1995-இல். முப்பது வருடமாக ஊருக்கே தெரிந்த டிராயிங் அது. அதைப் பார்க்காமல் வாங்குவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். கார்டு எவ்வளவு நீளம் வரை போகும், கூலர் எவ்வளவு உயரம் வரை நிற்கும் என்று கேபினட் பெட்டியின் பக்கவாட்டிலேயே அச்சடித்திருப்பார்கள். அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வையுங்கள். மூன்று ஃபேன் வைத்த கார்டுகளில் 320, 330 மில்லிமீட்டரெல்லாம் சர்வசாதாரணம். அப்படியும் நுழைந்துவிடுகிற மாதிரி இருந்தால், முன்பக்கத்தில் தண்ணீர்க் கூலரின் ரேடியேட்டரை ஃபேனோடு சேர்த்து மாட்டுங்கள். இன்னும் ஐந்து சென்டிமீட்டர் போய்விடும்.

எஸ்.பி. ரோட்டில் ஒரு கொட்டேஷன்

2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் பாதை ஓடத் தொடங்கியதிலிருந்து பொம்மசந்திராவாசிகளுக்குக் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு பக்கத்தில் வந்துவிட்டது. பதினாறு ஸ்டேஷன், 19 கிலோமீட்டர். ஆர்.வி. ரோட்டில் இறங்கிப் பச்சைப் பாதைக்கு மாறி, சிக்பேட்டையில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். முன்பெல்லாம் சில்க் போர்டு நெரிசலில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருக்கும்போது சிலருக்குப் புத்தி வந்து, போனில் நாலு விஷயம் படித்துத் தேறிவிடுவதுண்டு. இப்போது அந்த ஆபத்து இல்லை.

ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போவது உத்தமம். பெரும்பாலான கடைகளில் ஷட்டர் இறங்கியிருக்கும். திறந்திருக்கிற ஒன்றிரண்டில் வாங்கினால், இரண்டு கடை தள்ளி இதே பொருள் என்ன விலை என்ற கவலை கிடையாது.

கடைக்காரர் முதலில் கேட்பது, “பட்ஜெட் எஷ்டு குரு?” என்று. உண்மையைச் சொல்லிவிடுங்கள். எழுபது என்றால் எழுபது. ஐந்து நிமிஷத்தில் 69,800 ரூபாய்க்குக் கொட்டேஷன் தயார். பில் புத்தகத்தின் பின் தாளில் பால்பாயின்ட் பேனாவால் கிறுக்கியிருப்பார்: ஐ5. போர்டு. ராம் 16. எஸ்எஸ்டி 512. கார்டு 8 ஜிபி. கேபினட் வித் எஸ்எம்பிஎஸ். அவ்வளவுதான், எந்த வரியிலும் மாடல் எண் இருக்காது. மாடல் எண் இருந்தால் தேடிப் பார்க்கத் தோன்றும், தேடினால் ஒப்பிடத் தோன்றும். வெறும் ‘போர்டு’ என்று இருந்தால் அது உலகத்தில் உள்ள எந்த போர்டாகவும் இருக்கலாம், ரூமுக்குப் போய்ப் பெட்டியைப் பிரிக்கிற வரைக்கும்.

“இதெல்லாம் ஒண்ணுக்கொண்ணு சேருமாண்ணா?” என்று ஒரு கடமைக்குக் கேட்டு வையுங்கள். நீங்கள் தமிழில் கேட்டாலும் இந்தியில் கேட்டாலும் பதில் கன்னடத்தில்தான் வரும்: “ஆகத்தெ, ஏனூ ப்ராப்ளம் இல்லா.” இதற்கு மேல் ஒரு இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் தேவையில்லை.

பில் போடட்டுமா வேண்டாமா என்ற கேள்வியும் வரும். 18 சதவிகித ஜிஎஸ்டி மிச்சம் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? கார்டுக்கு மூன்று வருட வாரண்டி என்று பெட்டியில் போட்டிருக்கும். இரண்டாம் வருடம் அது படுக்கும்போது சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்கும் காகிதம் அந்த பில்தான். அதற்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது. விடுங்கள்.

நுழைந்தால் போதும், எழ வேண்டாம்

ப்ராசசர் வாங்கும்போது “ஐ7 இருக்கா?” என்று மட்டும் கேளுங்கள். எத்தனையாவது ஜெனரேஷன் என்று கேட்டுக் கடைக்காரரைச் சங்கடப்படுத்தாதீர்கள். ஆபீஸ்களில் கழித்துக்கட்டிய பழைய டெஸ்க்டாப்பிலிருந்து கழற்றிய ஐ7-3770-உம் ஐ7தான். 2012-இல் வந்தது, நாலு கோர், எட்டு த்ரெட். பத்து வருடம் கழித்து வந்த ஐ3-12100-க்கும் அதே நாலு கோர், எட்டு த்ரெட். அந்த ஐ3 இந்த ஐ7-ஐ வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டுப் போய்விடும் என்பதைத் தெரிந்துகொள்வதால் மனக்கஷ்டம்தான் மிச்சம். புதுக் கேபினட், புது விளக்கு, ‘ஐ7 கேமிங் பிசி’ என்று ஸ்டிக்கர், உள்ளே இந்தச் சரக்கு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவை முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கான பட்டியல், இன்டெல்லைப் பொறுத்தவரை, ஏறக்குறைய எட்டாவது ஜெனரேஷனிலிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 11-இல் வாலரன்ட் ஆட டிபிஎம் 2.0-உம் செக்யூர் பூட்டும் வேறு கேட்கும். ரூமில் மற்ற இருவரும் ஆடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் ரிமோட்டை வைத்து விளக்கின் நிறத்தை மாற்றிக்கொண்டிருக்கலாம்.

கொஞ்சம் விவரமானவர்கள் சாக்கெட் எண்ணைப் பார்ப்பார்கள். அவர்கள் தப்பித்துவிட்டார்கள் என்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். 2017 அக்டோபரில் இன்டெல்லின் எட்டாவது ஜெனரேஷன் டெஸ்க்டாப் ப்ராசசர்கள் வந்தன. சாக்கெட் எல்ஜிஏ 1151. அதற்கு முந்தைய ஆறாவது, ஏழாவது ஜெனரேஷனுக்கும் எல்ஜிஏ 1151-தான். அதே பின் எண்ணிக்கை, அதே அளவு. ப்ராசசர் பழைய போர்டில் போய் உட்காரும், லீவரும் மூடும், கம்ப்யூட்டர் மட்டும் எழாது. அதற்கென்று 300 சீரிஸ் போர்டு வேண்டும். கோ கேஜில் சுத்தமாக நுழைந்த பாகம் ரிஜெக்ட் ஆகிற விசித்திரத்தை எந்தத் தொழிற்சாலையிலும் பார்த்திருக்க மாட்டீர்கள். பழைய போர்டும் ப்ராசசரும் தனித்தனியாக வாங்குகிறவர்களுக்கு இந்த வழி இன்றும் திறந்தே இருக்கிறது.

ஏஎம்டி பக்கம் போனால் ருசி வேறு. அவர்களுடைய ஏஎம்4 சாக்கெட் 2016-இல் தொடங்கி வருடக்கணக்காக ஓடியது. ஒரே சாக்கெட்டில் நாலு தலைமுறை ப்ராசசர். அப்புறம் எப்படிப் பொருந்தாமல் போகும் என்று சோர்ந்துவிடாதீர்கள், போர்டுக்குள் பயாஸ் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. 2018-இல் வந்த பி450 போர்டு ஒன்று கடையில் தூசி தட்டாமல் கிடந்தால், 2020 நவம்பரிலிருந்து வந்த ரைசன் 5000 வரிசையை அந்த போர்டுக்கு யாரென்றே தெரியாது. பயாஸை அப்டேட் செய்தால் தெரிந்துகொள்ளும். அப்டேட் செய்யக் கம்ப்யூட்டர் எழ வேண்டும். எழ வேண்டுமானால் அதற்குத் தெரிந்த பழைய ப்ராசசர் ஒன்று வேண்டும். இந்த மாதிரிச் சுற்றில் மாட்டிக்கொண்டவர்களுக்காக 2018-இல் ஏஎம்டி நிறுவனமே பழைய ப்ராசசரை இரவல் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. தங்கள் சரக்கு எழுவதற்காகத் தங்கள் சரக்கையே கடன் கொடுத்த அந்தப் பெருந்தன்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இப்போதைய ஏஎம்5-இலும் இதற்கு இடம் உண்டு. 2022-இல் வந்த பி650 போர்டையும் 2024-இல் வந்த ரைசன் 9000 ப்ராசசரையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: சில போர்டுகளின் பின்பக்கத்தில் பயாஸ் ஃப்ளாஷ்பேக் என்று குட்டியாக ஒரு பட்டன் இருக்கும். பென்டிரைவைச் செருகி அதை அழுத்தினால், ப்ராசசரே இல்லாமல் பயாஸ் மாறிவிடும். அந்த மாதிரி போர்டுகளைக் கண்டால் விலகிப் போய்விடுங்கள்.

எந்த ப்ராசசர், எந்த பயாஸ் பதிப்பிலிருந்து வேலை செய்யும் என்று ஒவ்வொரு போர்டுக்கும் அதைச் செய்த கம்பெனியே பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. போர்டின் மாடல் எண் தெரிந்தால் இரண்டு நிமிஷ வேலை. அதனால்தான் கொட்டேஷனில் மாடல் எண் இருக்கக் கூடாது என்று முன்பே சொன்னேன்.

ப்ராசசர் பெயரின் கடைசி எழுத்தையும் பொருட்படுத்த வேண்டாம். இன்டெல்லில் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, தனிக் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. கே என்று முடிந்தால் பெட்டிக்குள் கூலர் இருக்காது. ஒரு எழுத்து கூடக் கிடைக்கிறதே என்று வாங்குங்கள்.

மாட்டும்போது ஒரே ஒரு விஷயம். எல்ஜிஏ சாக்கெட்டைத் திறந்தால் தலைமுடி கனத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பின்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்பது தெரியும். ப்ராசசரின் ஒரு மூலையில் பொன்னிறத்தில் பொடி முக்கோணம். சாக்கெட்டின் ஒரு மூலையிலும் அதே முக்கோணக் குறி. இரண்டு மூலையையும் நேர் பார்த்து வைத்துக் கையை எடுத்துவிட்டால் ப்ராசசர் தானே உட்கார்ந்துகொள்ளும். அழுத்தத் தேவையே இல்லை. அழுத்துங்கள். வளைந்த பின்னுக்கு வாரண்டி கிடையாது, ஆகவே பில் இல்லாததும் ஒரு குறையாகத் தெரியாது.

ராமைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டிடிஆர்4-க்கும் டிடிஆர்5-க்கும் 288 பின்தான், நடுவில் உள்ள வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும். எல்ஜிஏ 1700 போர்டுகளில் இரண்டு வகையும் வந்திருப்பதால் தப்பு செய்ய நல்ல இடம் அது. வெட்டு ஒத்துவராவிட்டால் இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்திப் பார்க்கலாம். இரண்டு எட்டு ஜிபிக்குப் பதில் ஒரே பதினாறு வாங்கினால், இரண்டு சேனலில் ஓட வேண்டியது ஒன்றில் ஓடும். விலையைப் பற்றிக் கேட்காதீர்கள். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பையெல்லாம் அள்ளிக்கொண்டு போனதில் 2025 கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறியது. அந்த டிசம்பரிலேயே மைக்ரான் நிறுவனம் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த குருஷியல் வரிசையை மூடப் போவதாக அறிவித்தது. இதில் மட்டும் பொருத்தம் பார்த்து வாங்கியவனுக்கும் பார்க்காதவனுக்கும் ஒரே அடி.

ஜிபியை எண்ணுங்கள்

கிராபிக்ஸ் கார்டை ஜிபி கணக்கில் வாங்க வேண்டும். ஜிடி 730-இலும் 4 ஜிபி உண்டு, ஜிடிஎக்ஸ் 1650-இலும் 4 ஜிபி உண்டு. முன்னது 2014-இல் வந்தது, படம் பார்க்கப் போதும். பின்னது 2019-இல் வந்தது, கேம் ஆடலாம். இரண்டுக்கும் ஜிபி ஒன்று என்பதால் விலை குறைந்ததை எடுப்பதுதானே புத்திசாலித்தனம்?

இன்னும் நுட்பமாகச் செய்ய விரும்பினால் ஜிடி 1030 இருக்கிறது. 2017-இல் அது ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்தது. அடுத்த வருடம் சாதாரண டிடிஆர்4 மெமரியோடு அதே பெயரில் இன்னொன்றும் வந்தது. மெமரி வேகம் வினாடிக்கு 48 ஜிபியிலிருந்து 17 ஜிபிக்கும் கீழே போய்விட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. பெயரைச் சொல்லிக் கேளுங்கள், வருவது வரட்டும்.

செகண்ட் ஹேண்ட் கார்டு தனி உலகம். 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங்கைக் கைவிட்ட பிறகு, அதற்காக இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த கார்டுகள் எல்லாம் ‘லைட்டா யூஸ் பண்ணது’ என்ற பெயரில் சந்தைக்கு வந்தன. 2010-இல் வந்த ஜிடிஎஸ் 450-இன் பயாஸை மாற்றி எழுதி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்ற மகானுபாவர்களும் உண்டு. ஜிபியு-ஸீ என்ற இலவச மென்பொருள் அந்த மாதிரிப் போலி கார்டைப் போலி என்றே எழுதிக் காட்டிவிடும். அதை வாங்கும் இடத்தில் ஓட்டிப் பார்க்கக் கூடாது. பணம் கொடுத்து, ரூமுக்கு வந்து, விற்றவரின் நம்பர் ஸ்விட்ச் ஆஃப் ஆன பிறகு ஓட்ட வேண்டும்.

போர்டோடு கார்டு சேராமல் இருக்க வேண்டுமே என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஏஎம்டி 2022 ஜனவரியில் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கொடுத்தது. பதினாறு லேன் நீள ஸ்லாட்டில் உட்கார்ந்துகொண்டு நாலு லேனை மட்டும் பயன்படுத்துகிற கார்டு. பிசிஐஇ 4.0 உள்ள புது போர்டில் சமாளித்துக்கொள்ளும். 3.0 மட்டுமே உள்ள பழைய போர்டில் மூச்சு முட்டும். காசு குறைந்த கார்டு என்பதால் பழைய போர்டு வைத்திருக்கிறவர்கள்தான் அதைத் தேடி வருவார்கள். இதைவிடக் கச்சிதமான ஏற்பாட்டை நான் யோசித்திருக்க முடியாது.

கேபினட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ்

மேலே சொன்ன எதுவும் பலிக்காமல், எல்லாப் பாகமும் தற்செயலாகப் பொருந்தித் தொலைத்துவிட்டாலும் மனம் தளர வேண்டாம். எஸ்எம்பிஎஸ் ஒன்று போதும், மொத்தத்தையும் சாம்பலாக்கலாம்.

பொம்மசந்திரா மெட்ரோ ஸ்டேஷனின் முழுப்பெயர் டெல்டா எலக்ட்ரானிக்ஸ் பொம்மசந்திரா. டெல்டா 1971-இல் தைவானில் தொடங்கிய கம்பெனி. ஸ்விட்சிங் பவர் சப்ளை செய்வதில் உலகின் முன்வரிசைக்காரர்கள். கிருஷ்ணகிரியில் ஆலை இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் என்று நாம் சொல்கிற தகரப் பெட்டி அந்த வகைச் சரக்குதான். நம் தம்பிகள் தினமும் அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே இறங்கி ஏறுகிறார்கள். ஒரு பவர் சப்ளை கம்பெனி ஸ்டேஷனுக்கே பெயர் வைக்கிற அளவுக்கு இதில் என்னதான் இருக்கிறது என்று ஒருவரும் நின்று யோசித்ததாகத் தெரியவில்லை. கொட்டேஷனில் இன்னமும் ‘கேபினட் வித் எஸ்எம்பிஎஸ்’ என்றுதான் எழுதுகிறார்கள், விளக்கு ரிமோட்டுக்குப் பக்கத்தில், இலவசமாக.

அந்த இலவசப் பெட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். நல்ல பவர் சப்ளை கையை இழுக்கும், இது பறக்கும். பக்கவாட்டில் பெரிய எழுத்தில் 500 வாட். அதற்குக் கீழே ஒரு கட்டம் போட்ட ஸ்டிக்கர் இருக்கும், அதைப் படிக்காதீர்கள். படித்தால் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கண் போகும். அங்கே 16 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192. கேமிங் கம்ப்யூட்டரில் ப்ராசசரும் கார்டும் குடிப்பதெல்லாம் அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு 170 வாட், ஐ5-12400எஃப் முழு வேகத்தில் போனால் 117 வாட், ஆக மொத்தம் 287. மீதி 95 வாட் எங்கிருந்து வரும் என்பதை அந்தப் பெட்டி தன் வழியில் தீர்த்துக்கொள்ளும். முதலில் கேம் நடுவில் கம்ப்யூட்டர் தானாக அணையும். நீங்கள் கேமில் பக் என்று நினைப்பீர்கள், அப்புறம் விண்டோஸை மறுபடி போடுவீர்கள், அப்புறம் ராமைத் துடைத்து மாட்டுவீர்கள். எஸ்எம்பிஎஸ் மேல் மட்டும் சந்தேகம் வராது, அது இலவசமாக வந்தது இல்லையா.

பெட்டியில் எங்காவது ‘80’ என்று இருந்தால் அதோடு திருப்தியடையுங்கள். 80 ப்ளஸ் என்பது 2004-இல் தொடங்கிய ஒரு சான்று. சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதைத்தான் முக்கியமாக அது அளக்கும். ஷார்ட் ஆனால் தற்காத்துக்கொள்ளுமா, உள்ளே இருக்கும் கெபாசிட்டர் எந்தத் தரம் என்பதெல்லாம் அதன் கணக்கில் வராது. சான்று வாங்காமலே ஸ்டிக்கர் அடிக்கிறவர்களுக்கு அந்தக் கணக்கும் தேவையில்லை.

நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்கித் தொலைத்தவர்களுக்கு வேறு யோசனை. கழற்றி மாட்டுகிற கேபிள் உள்ள மாடல் என்றால், ரூம் நண்பனின் வேறு கம்பெனி எஸ்எம்பிஎஸ் கேபிளை இரவல் வாங்கி மாட்டுங்கள். போர்டு பக்கம் போகிற முனைக்குத்தான் உலகம் முழுக்க ஒரே அமைப்பு. எஸ்எம்பிஎஸ் பக்கம் மாட்டுகிற முனையில் எந்த ஓட்டையில் எந்த வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே கம்பெனியின் இரண்டு வரிசைக்கு நடுவிலும் மாறும். முனை நுழைந்துவிடும். 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போய் எஸ்எஸ்டி ஒரு நொடியில் அடங்கிவிடும். இதேபோல ப்ராசசருக்குப் போகிற எட்டு பின் முனையும் கார்டுக்குப் போகிற எட்டு பின் முனையும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒன்று நாலும் நாலுமாகப் பிரியும், மற்றது ஆறும் இரண்டுமாகப் பிரியும். ஒன்றில் 12 வோல்ட் இருக்கிற வரிசையில் மற்றதில் எர்த் இருக்கும். நுழையாமலிருக்க ஓட்டையின் வடிவத்தை மாற்றி வைத்திருக்கிறார்கள். பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கிறவருக்கு அதெல்லாம் ஒரு தடையா?

ரூமின் எர்த்தையும் கவனிக்க வேண்டாம். வாடகை ரூம்களில் மூன்று ஓட்டை ப்ளக் பாயின்ட் அழகுக்கு இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் கம்பியே போயிருக்காது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிக்க இரண்டு சின்ன கெபாசிட்டர்கள் கேபினட்டின் உடம்போடு இணைந்திருக்கும். எர்த் இல்லாவிட்டால் அவை கேபினட்டை 230 வோல்ட்டில் பாதியில், கிட்டத்தட்ட 115 வோல்ட்டில் மிதக்க விட்டுவிடும். கரண்ட் ரொம்பக் கொஞ்சம் என்பதால் ஆளைக் கொல்லாது. வெறுங்காலோடு நின்று ஸ்க்ரூவைத் தொட்டால் சுள்ளென்று ஒரு வரவேற்பு கிடைக்கும். “மாப்ள, கேமிங் பிசின்னா அப்படித்தான்” என்று சொல்ல ரூமில் ஒருவர் எப்போதும் இருப்பார்.

கோடையில் கரண்ட் போய் வரும் என்பதால் யுபிஎஸ் வாங்குவீர்கள். 600 என்று போட்டிருப்பதை எடுங்கள். அது விஏ. வாட் கணக்கில் பெரும்பாலும் 360தான். மேலே சொன்ன ப்ராசசரும் கார்டும் முழு வேகத்தில் ஓடும்போது, போர்டு, ஃபேன், எஸ்எம்பிஎஸ்ஸில் வீணாவது, மானிட்டர் எல்லாம் சேர்த்துச் சுவரிலிருந்து இழுப்பது 400 வாட்டைத் தொட்டுவிடும். கரண்ட் போன அதே நொடியில் யுபிஎஸ்ஸும் ஒரு பீப் அடித்துவிட்டுப் போய்விடும். கூடவே போக ஒரு துணை.

கடைசியில் மாட்டும்போது

கேபினட்டின் முதுகுத் தகட்டில் பித்தளைக் குமிழ்கள் திருகியிருக்கும். போர்டில் ஓட்டை இருக்கிற இடத்தில் மட்டும் அவை இருக்க வேண்டும். ஏடிஎக்ஸ் போர்டை மாட்டும்போது மைக்ரோ ஏடிஎக்ஸுக்கான குமிழ் ஒன்றை அப்படியே விட்டுவையுங்கள், போர்டின் முதுகில் போய் முட்டி ஷார்ட் ஆகும். கூலரின் அடியில் உள்ள பிளாஸ்டிக் உறையை உரிக்காமல் மாட்டுங்கள். ராமை ப்ராசசருக்குப் பக்கத்தில் உள்ள முதல் இரண்டு ஸ்லாட்டில் சேர்த்துப் போடுங்கள். இரண்டாவதிலும் நாலாவதிலும் போடச் சொல்கிற மேனுவல் இந்நேரம் பெட்டியோடு பழைய பேப்பர்க்காரரிடம் போயிருக்கும்.

இதையெல்லாம் மீறிக் கம்ப்யூட்டர் எழுந்துவிட்டால் மானிட்டர் கேபிளைக் கார்டில் மாட்டாமல் போர்டில் மாட்டுங்கள். ப்ராசசர் எஃப் வகையாக இருந்தால் திரை கறுப்பாகவே இருக்கும், கார்டை மாற்றித் தரச் சொல்லி மறுபடி சிக்பேட்டை போகலாம். எஃப் இல்லாவிட்டால் இன்னும் நல்லது, முப்பதாயிரம் ரூபாய் கார்டு சும்மா உட்கார்ந்திருக்க, ப்ராசசருக்குள் இருக்கிற சின்ன கிராபிக்ஸ் எல்லாக் கேமையும் இழுத்துக்கொண்டு போகும்.

யாராவது ஒரு அண்ணன் வந்து கேபிளை மாற்றி மாட்டிவிட்டாரா? பரவாயில்லை. பயாஸில் எக்ஸ்எம்பியை ஆன் செய்யாதீர்கள், 6000 வேகத்துக்குக் காசு கொடுத்த ராம் 4800-இல் நிம்மதியாக ஓடும். 165 ஹெர்ட்ஸ் மானிட்டரை விண்டோஸ் பல சமயம் 60-இல்தான் விட்டு வைத்திருக்கும், அந்த செட்டிங்ஸ் பக்கமே போகாதீர்கள். வருடம் ஒன்று கழித்து ரூமுக்குப் புதிதாக வந்த பையன் எவனாவது அதைத் திறந்து 60 என்று காட்டினால், மனிதக் கண்ணுக்கு அதற்கு மேல் தெரியாதுடா என்று சொல்லி மூடிவிடுங்கள்.